கடையா, பழைய ஆளா? கனடாவில் கஞ்சா வாங்கிய அனுபவங்கள்

முதுகுவலி_ஸ்காபரோ:
2018 ஒக்டோபர் 17இல் கஞ்சா சட்டபூர்வமானது, அதற்குப் பிறகு ஒளித்து வாங்கத் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதுகுவலிக்கு இரவில் கொஞ்சம் எடுப்பவன், அவ்வளவுதான். ஸ்காபரோவில் எல்ஸ்மியர் வீதிப் பக்கம் உரிமமுள்ள ஒரு கஞ்சாக் கடைக்குள் போனேன். தலை முழுக்க நரைத்தவனிடமும் வாசலில் நின்ற பிள்ளை அடையாள அட்டை கேட்டது, சரி, சட்டம். உள்ளே திரும்பினால் கோயில் நிர்வாக சபை ஐயா ஒருவர், கண்ணாடிப் பெட்டி முன் குனிந்து கஞ்சா கலந்த கம்மி மிட்டாய்களின் விலையை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். அவர் உடனே போனைக் காதில் வைத்தார், மறுமுனையில் யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் லைட்டர் தட்டை நகைக்கடைக்கு வந்தவன் போல ஆராய்ந்துகொண்டு நின்றேன். ஒன்றும் வாங்கவில்லை. அன்றிரவே ஒளித்து விற்கிற பழைய பெடியனுக்கு டெக்ஸ்ட் போட்டேன், வாசலுக்கே வந்தான், காசைக் கொடுத்தேன், முடிந்தது. விலை, தரம் என்று எவ்வளவோ எழுதுகிறார்கள். நான் பழைய ஆளிடம் திரும்பிப் போனதற்குக் காரணம் ஐயாவின் முகம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கண்டபோது வழக்கத்தைவிட அதிகமாக விபூதி தந்தார்.

டிரக்_தம்பி:
அண்ணா, உங்களுக்கு வெட்கம், எனக்கு விலை. ஒன்டாரியோவில் 2019 ஏப்ரலில் கடை திறக்கக் குலுக்கலில் 25 பேருக்குத்தான் வாய்ப்பு. அந்த வருஷம் கடையில் ஒரு கிராம் 10 டாலர் பக்கம், வெளியே ஒளித்து விற்பவர்களிடம் 6க்கும் கீழே, புள்ளிவிவரத் துறை போட்ட கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அதிலும் டப்பாவைத் திறந்தால் எல்லாம் காய்ந்து பொடிப்பொடியாக இருக்கும், பேக் செய்த தேதி பல மாதம் பழசு. எதற்கு மாறணும்? மாறவில்லை.

போன குளிர்காலத்தில் நண்பனுக்காக ஒரு கடை வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நிற்பது எனக்கு ஒளித்து விற்கிற என் ஆள்! கையில் 28 கிராம் பை. ஒருவர் 30 கிராமுக்கு மேல் வாங்க முடியாது இல்லையா, அதனால் பக்கத்தில் அவன் கேர்ள்ஃபிரண்ட், அவள் கையில் இன்னொரு பை. கொஞ்சமும் கூசாமல் திரும்பி, "இப்ப இங்கதான் ப்ரோ சீப்" என்றான். பை நூறு டாலர்கூட இல்லை. அப்படியானால் "பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து நேரா வந்தது" என்று எனக்கு விற்றானே, அது எது? வண்டி ஓட்டும்போதெல்லாம் இதே யோசனைதான்.

நைட்_ஷிப்ட்_அக்கா:
விலை விலை என்கிறீர்கள். தங்கை வீட்டில் பிறந்தநாள். வந்தவர்களில் யாரோ ஒருவருடைய ஜாக்கெட்டில் ஒரு பாக்கெட், பார்த்தால் சாதாரணப் புளிப்பு மிட்டாய், உள்ளே கஞ்சா. சின்னவன் எடுத்துத் தின்றுவிட்டான். எமர்ஜென்சியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: எத்தனை மில்லிகிராம்? பாக்கெட்டில் 600 என்று போட்டிருக்கிறது, அது உண்மையா என்று சொல்ல ஆளில்லை. கொண்டுவந்தவர் அப்போதும் "நல்ல இடத்திலதான் வாங்கினேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை விடியும்வரை எழுப்ப எழுப்பத் தூங்கினான், பிறகு சரியாகிவிட்டான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் போதை தருகிற டிஎச்சி ஒரு முழு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராம்தான் உச்சம், 500, 600 என்று பார்த்தாலே அது கள்ளச் சரக்கு. வரி முத்திரை இருக்கிறதா, அதில் உங்கள் மாகாணத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு எச்சரிக்கைக் குறியும் பிள்ளைகள் திறக்க முடியாத மூடியும் இருக்க வேண்டும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை வாயில் போடாதீர்கள். பூட்டுகிற பெட்டி ஒன்று வாங்குங்கள், சாமி அறை அலமாரி போதாது. பிள்ளை தின்றுவிட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், மறைத்தால் தேவையில்லாத பரிசோதனை எல்லாம் செய்வார்கள். முதுகுவலி அண்ணா, நீங்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி ஏதாவது எடுத்தால், கஞ்சாவிலிருந்து எடுக்கிற சிபிடி எண்ணெய் பக்கம் போவதற்கு முன் மருந்தாளரிடம் கேளுங்கள். ஃபிசியோவுக்குப் போனீர்களா?

எதிர்க்கட்சி:
அக்கா, பிள்ளை தப்பியது பெரிய விஷயம். ஆனால் அந்தப் 10 மில்லிகிராம்தான் ஆட்களைக் கள்ளச் சரக்கின் பக்கம் தள்ளுகிறது. வருடக்கணக்காக எடுப்பவனுக்கு 10 எந்த மூலைக்கு? ஐந்து பாக்கெட் வாங்கி ஐந்துக்கும் காசு கொடுக்க வேண்டும். சட்டமானதும் எல்லாம் சுத்தமாகிவிடவும் இல்லை. 2019ல் நயாகரா பக்கம் பெலத்தில், உரிமம் இருந்த ஒரு பெரிய நிறுவனமே உரிமமில்லாத அறைகளில் வளர்த்துப் பிடிபட்டது. அதற்கு முன்பே மருத்துவக் கஞ்சாவில் தடைசெய்த பூச்சிக்கொல்லி இருக்கிறதென்று திரும்பப் பெற்றார்கள். ஆக, முத்திரையைக் கண்டதும் கும்பிடாதீர்கள். வெளிச்சரக்கைச் சோதிக்க யாருமே இல்லை என்பீர்கள், தெரியும். அதற்காக உள்ளே இருக்கிறவனைக் கேள்வி கேட்கக் கூடாதா?

என் அனுபவம் சின்னது. அதே 2019 கோடையில் ரொறன்ரோ நகரசபை உரிமமில்லாத கடை வாசல்களில் பெரிய கொங்கிரீட் கட்டிகளைக் கொண்டுவந்து போட்டது. நான் போன கடை வாசலிலும் கட்டி. கட்டிக்கு முன்னால் நடைபாதையிலேயே கடைப் பெண் டப்பாக்களோடு நின்று விற்றுக்கொண்டிருந்தாள், வரிசை தெருமுனை வரை. வரிசையில் நின்றவர்கள் தங்களுக்குள் பேசியது கட்டியைப் பற்றி அல்ல, அன்றைய மெனுவைப் பற்றி. இந்தப் பக்கம் உரிமமுள்ள கடைகளே கைவிரல் விட்டு எண்ணுகிற அளவில் இருந்த காலம், சனம் எங்கே போகும்?

கட்டினோ_கரை:
ஒன்ராறியோக்காரர் சண்டையில் கியூபெக்கை மறந்துவிடாதீர்கள். இங்கே 2020 ஜனவரியிலிருந்து கஞ்சா வாங்க, வைத்திருக்க வயது 21. என் மருமகனுக்கு 20. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒன்ராறியோவின் ஒட்டாவாவில் 19 போதும், போர்ட்டேஜ் பாலத்தைத் தாண்டிப் போய் முறையாக அட்டை காட்டி, வரி கட்டி, ரசீதோடு வாங்குவான். திரும்பி நடந்து வரும்போது பாலத்தின் பாதியில் அதே பொருள் அவனுக்குத் தடை. ஒருநாள் பொலிஸ் கார் ஒன்று மெதுவாகப் பக்கத்தில் போக, பயந்து பையை ஆற்றில் எறிந்துவிட்டான். கார் நிற்கவே இல்லை! இப்போது ஸ்னாப்சாட்டில் ஆர்டர் போடுகிறான், அவனோடு யாரும் வயது பேசுவதில்லை. என்னிடம் வந்து "மாமா, எது மாமா பாதுகாப்பு?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு வருஷம் பொறு என்றேன், சிரித்தான்.

டிரக்_தம்பி:
எதிர்க்கட்சி சொல்வது 2019. இப்போது எங்கள் பிளாசாவிலேயே கடைகள் எதிரெதிரே. நேற்று என் ஆள் மெசேஜ் போட்டிருந்தான், 28 கிராம் 120 டாலர். கடை விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், 95. "டெலிவரி சார்ஜ் ப்ரோ" என்று பதில் வந்தது.