மார்மன் சபைக்குள்ள இருந்துகிட்டே கோட்பாட்டைத் தாண்டி தேட முடியுமா?

மலைத்தேன்:
கல்யாணம் ஆகி அமெரிக்காவுல யூட்டா மாகாணத்துக்கு வந்து மனைவி வழியா இந்த சபைக்குள்ள வந்தவன் நான். வெளிய போற எண்ணம் எதுவும் இல்ல. ஆனா வாராவாரம் கேக்குற "இதை நம்பு அதை நம்பு" லிஸ்ட் மட்டும் எனக்குப் போதல. இந்த மதமே ஒரு பையனோட தவிப்புலதானே ஆரம்பிச்சுது? 1820ல நியூயார்க் மாகாணம் பால்மைரா பக்கத்துல பின்னால இந்த சபையை ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் 14 வயசுல தோப்புக்குள்ள தனியா போய் மண்டி போட்டு ஜெபம் பண்ணினதா சொல்றாங்க. அதை அவர் 1832ல எழுதினப்போ பாவ பாரம் தாங்காம இரக்கம் கேட்டு அழுத பையன்தான் முன்னால நிக்கிறான், உன் பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு ஆண்டவர் சொல்றார். 1838ல சொன்னதுல எந்த சபை சரிங்கிற கேள்வி பெருசாயிடுது. வேதமா வெச்சு படிக்கிறது அந்த ரெண்டாவதைத்தான். எனக்கு உயிர் முதல்லதான் இருக்கு. யாராவது இப்படி உள்ள இருந்தே தேடுறீங்களா?

கேள்விக்குறி:
ப்ரோ நானும் அந்த சபையில இருந்தவன்தான், இப்ப இல்ல. நீங்க சொல்ற அந்த 1832 எழுத்து 1960கள் வரைக்கும் சாதாரண விசுவாசி கண்ணுல படவே இல்லைங்கிறதையும் சேர்த்து சொல்லுங்க. தேடினவங்களுக்கு என்ன ஆச்சுன்னும் பாருங்க. 1993 செப்டம்பர்ல ஒரே மாசத்துல ஆறு பேர் மேல நடவடிக்கை எடுத்தாங்க, எல்லாரும் எழுத்தாளர், ஆய்வாளர், பெண்ணுரிமை பேசினவங்க. அதுல மைக்கேல் க்வின்னு ஒரு வரலாற்று ஆசிரியர், சபையை விட்டு நீக்கின பிறகும் தன்னை விசுவாசின்னுதான் சொல்லிக்கிட்டார், 2021ல இறந்தார். முக்கியமான சடங்குகள் நடக்குற டெம்பிளுக்குள்ள போகணும்னா உள்ளூர் சபையை நடத்துற பிஷப் முன்னாடி உக்காந்து தசமபாகம் கட்டுறியா, காபி டீ தொடாம இருக்கியா, தலைவர்களை ஏத்துக்கிறியான்னு ஒவ்வொண்ணா பதில் சொல்லணும். உங்க தவிப்பைப் பத்தி அங்க ஒரு கேள்வியாவது இருக்கா?

தேவகிருபை77:
சகோதரரே, கசப்போட பேசறீங்க, அந்த வலி எனக்குப் புரியுது. ஆனா கட்டளையை ஓரங்கட்டிட்டு ஆழம் ஆழம்னு பேசறது கரையில நின்னுகிட்டு நீச்சல் பத்தி பேசற மாதிரி. தசமபாகம் குடுக்கறது, உபவாசம் இருக்கறது, ஞாயித்துக்கிழமை சின்னப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறது, இதுக்குள்ளதான் ஆண்டவர் என்னை சந்திச்சார். நம்ம வேதமான மார்மன் புத்தகத்துல ஆல்மா 32ம் அதிகாரத்தைப் படிங்க, வசனத்தை விதை மாதிரி மனசுல நடு, பரீட்சை பண்ணிப் பாரு, முளைச்சா நல்ல விதைன்னு தெரிஞ்சுக்கோன்னு சொல்லுது. நடாமலே நின்னா எப்படி முளைக்கும்? சபைத் தலைவரா வாழற தீர்க்கதரிசி ஒருத்தர் இருக்கறதாலதான், அதுவரைக்கும் கிடைக்காத ஆசாரியத்துவம், அதாவது சபையில சடங்கு நடத்துற அதிகாரம், 1978ல கறுப்பின ஆண்களுக்கும் கிடைச்சுது. வெளிப்பாடு மேல இருந்து வந்துச்சு.

கேள்விக்குறி:
1852ல ஜோசப் ஸ்மித்துக்கு அப்புறம் தலைவரான ப்ரிகம் யங் வெளிப்படையா அறிவிச்ச தடை அது, 126 வருஷம் இருந்துச்சு. அந்த 126 வருஷமும் அதே தீர்க்கதரிசி வரிசைதானே உக்காந்திருந்தது? இத்தனை தலைமுறை டெம்பிள் வாசல்ல நின்ன குடும்பங்களுக்கு இந்த விதைக் கதை என்ன பதில் சொல்லும்?

வெண்பனி:
ரெண்டு பேரும் கோட்பாடுன்னா வேலி, தேடல்னா வேலிக்கு வெளியன்னு வெச்சுகிட்டே பேசறீங்க. எனக்கு அப்படித் தோணல. பரலோகத் தாய் உண்டுங்கிறது இந்த சபையோட போதனைதான், சபையோட ஆரம்பகாலக் கவிஞர் எலைசா ஸ்னோ 1845லயே கவிதையா எழுதி அது பாட்டாகி இன்னிக்கும் சபையில பாடறாங்க. வேற எந்தக் கிறிஸ்தவ சபையில இவ்வளவு சாதாரணமா இதைச் சொல்றாங்க? நான் பிரசவத்துக்கு அப்புறம் உடைஞ்சு கிடந்தப்போ என்னைத் தூக்கி நிறுத்தினது அந்த நினைப்புதான். ஆனா 1991ல ஹின்க்லி, அப்ப தலைமைக் குழுவுல இருந்தவர், அந்தத் தாய்கிட்ட ஜெபம் பண்றது தகாதுன்னு சொல்லிட்டார். அப்ப பிரச்சனை கோட்பாடு ஆழமில்லைங்கிறது இல்ல. கோட்பாடு ஆழமாத்தான் இருக்கு, அதுல எவ்வளவு தூரம் போகலாம்னு ஆபீஸ்ல உக்காந்து கோடு போடறாங்க, அதான் எனக்கு வலிக்குது.

மலைத்தேன்:
வெண்பனி அக்கா நீங்க சொன்னதை அப்படியே ஏத்துக்கிறேன். அப்படிக் கோடு போடறதைப் பத்தி ஜோசப் ஸ்மித்தே பேசியிருக்கார். 1843ல ஒரு முதியவர், பெலட்டையா ப்ரௌன்னு பேரு, பைபிள்ல வெளிப்படுத்தல் புத்தகத்துக்குத் தப்பா விளக்கம் சொன்னார்னு அவரைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. ஜோசப் ஸ்மித்துக்கு அது பிடிக்கல. உபதேசத்துல தவறினதுக்காக ஒரு மனுஷனை விசாரிக்கறது மெத்தடிஸ்ட்காரங்க பண்றது, எனக்கு என் இஷ்டப்படி நம்புற சுதந்திரம் வேணும்னு பிரசங்கத்துலயே சொன்னார். ஸ்தாபகரே கேட்ட சுதந்திரத்தைத்தான் நான் கேக்கறேன், புதுசா ஒண்ணும் கேக்கல.

கேள்விக்குறி ப்ரோ, உள்ள இருந்து தேடறவன் அநியாயத்தைப் பாத்துட்டு சும்மா கண்ணை மூடிக்குவான்னு நினைக்காதீங்க. லோவல் பென்னியன்னு ஒருத்தர் இருந்தார், சால்ட் லேக்ல யூனிவர்சிட்டி பக்கத்துல மாணவர்களுக்கு சபை நடத்துற மதக்கல்வி இன்ஸ்டிட்யூட்டை 1934ல ஆரம்பிச்சவர், பல வருஷம் அங்க பாடம் எடுத்தவர். கறுப்பினத் தடை சரின்னு அவர் வாய் கடைசி வரைக்கும் சொல்லல. 1962ல அந்தப் பொறுப்பை விட்டு எடுத்துட்டாங்க. அவர் சபையை விட்டுப் போகல, ஏழைங்க வயசானவங்க வீட்டு வேலைக்கும் சாப்பாட்டுக்கும் அலைஞ்சுகிட்டே வாழ்ந்தார். மதம்னா அவருக்கு அதுதான். எனக்கும் அந்த வழிதான் தெரியுது.

கேள்விக்குறி:
பென்னியன் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா அவர் சொன்னது சரின்னு ஆக இன்னும் 16 வருஷம் ஆச்சு, தண்டனை கிடைச்சது அவருக்குத்தான், கோடு போட்டவங்களுக்கு இல்ல. தேவகிருபை அண்ணா, ஒரே ஒரு கேள்வி. 2015 நவம்பர்ல ஓரினத் தம்பதி வீட்டுப் பிள்ளைங்களுக்கு 18 வயசு ஆகற வரைக்கும் ஞானஸ்நானம் கிடையாதுன்னு விதி வந்துச்சு, அது ஆண்டவர் சித்தம்னு அடுத்த ஜனவரியில அப்ப அப்போஸ்தலரா இருந்த நெல்சன் பேசினார். 2019 ஏப்ரல்ல அதே விதியை எடுத்துட்டாங்க, அதுவும் வெளிப்பாடுதான்னாங்க. ரெண்டும் எப்படி?

தேவகிருபை77:
இன்னும் மகத்தான பல காரியங்களை ஆண்டவர் வெளிப்படுத்துவார்னு எங்க விசுவாசப் பிரமாணம் ஒன்பதாவதுல இருக்கு, அதனால மாற்றம் எனக்கு அதிர்ச்சி இல்ல. நடுவுல மூணு வருஷத்துக்கு மேல அந்தப் பிள்ளைங்க வெளிய நின்னாங்களே, அது எனக்கும் பாரமாத்தான் இருக்கு, அதைப் பத்தி ஜெபம் பண்ணியிருக்கேன். அதுக்காக தீர்க்கதரிசியே வேணாம்னு என்னால சொல்ல முடியாது.

வெண்பனி:
அண்ணா, அந்தப் பாரத்தை சபைக்கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லுவீங்களா? நீங்க சொன்னா நானும் அடுத்து எழுந்திருப்பேன்.

தேவகிருபை77:
பிஷப்கிட்ட தனியா சொல்லுவேன் தங்கச்சி. கூட்டத்துல சொல்ல மாட்டேன், அது விசுவாசத்துல பலவீனமா இருக்கறவங்களை இடறப் பண்ணும்.

கேள்விக்குறி:
நான் இடறினதே யாரும் சொல்லாததாலதான் அண்ணா.