ஊரே முடங்கிக் கிடந்தபோது சென்செக்ஸ் மட்டும் ஏன் ஏறியது?

பள்ளிபாளையத்தான்:
2020-ல் நடந்தது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பா எட்டு விசைத்தறி வைத்திருந்தார், ஊரடங்கில் அத்தனையும் நின்றுபோய், நூல் பாக்கி ஏறி, தறி ஓட்ட வந்தவர்களும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, 23.9 சதவீதம் சுருங்கியது என்று ஆகஸ்ட் 31 அன்று அரசே சொன்னது. ஆனால் மார்ச் 23-ல் 26,000-க்குக் கீழே விழுந்த மும்பை பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அன்றைக்கு 38,000-க்கு மேலே நிற்கிறது, அடுத்த ஜனவரியில் 50,000-ஐயும் தொட்டுவிட்டது! இது எப்படி?

கணக்குப்பிள்ளை:
தம்பி, சென்செக்ஸில் இருப்பது 30 பெரிய நிறுவனங்கள்தான். உங்கள் தறியோ எங்கள் தெரு டீக்கடையோ மூடினால் அதில் ஒரு புள்ளிகூட அசையாது. டிசிஎஸ், இன்ஃபோசிஸ் மாதிரி நிறுவனங்களுக்கு வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வருகிறது, ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள்.

அப்புறம் வட்டி. இதுதான் முக்கியம். 5.15 சதவீதமாக இருந்த ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் 4.40 ஆக்கியது, மே 22-ல் 4 ஆக்கியது. வருடா வருடம் 8 ரூபாய் தரும் ஒரு சொத்து இருக்கிறது என்று வையுங்கள். வெளியில் 8 சதவீத வட்டி கிடைக்கும்போது அதற்கு 100 ரூபாய்தான் கொடுப்பீர்கள், வட்டி 5 ஆகிவிட்டால் 160 வரை கொடுக்கலாம். சொத்து அதேதான், விலை ஏறிவிட்டது. பங்கும் அப்படித்தான், அதன் விலையில் வரப்போகும் பல வருட லாபம் அடங்கியிருக்கிறது, ஒரு மோசமான வருடம் அதில் சின்னப் பகுதிதான்.

காவேரிக்கரை:
சரி, ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் ஒரு கட்டத்தில் 8,000-க்கும் கீழே போனது. அந்த நிதியாண்டில் இந்தியப் பொருளாதாரம் சுருங்கவே இல்லை, வளர்ச்சி குறைந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் பணமுடை வந்ததும் அந்நிய முதலீட்டாளர்கள் இங்கே விற்றுவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதனால் பங்கு விலையைப் பார்த்து நாட்டின் நிலைமையைச் சொல்லாதீர்கள், பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான் அது முதலில் காட்டும்.

இன்னொன்று, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. சின்னக் கடைகள் மூடினால் அந்த வியாபாரம் பெரிய கம்பெனிகளுக்குப் போகிறது. நம் நஷ்டத்தில் ஒரு பகுதி அவர்கள் லாபக் கணக்கில் ஏறும், பங்கு விலையிலும் ஏறும்.

பள்ளிபாளையத்தான்:
வட்டிக் கணக்கு புரிந்தது அண்ணா, நன்றி. அந்த வருடம் நூல் பாக்கியை அடைக்க அப்பா வாங்கிய கடனுக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. ரெப்போ 4 ஆனபோதும் அதே இரண்டு ரூபாயைத்தான் கட்டினோம்.