ஐந்து மில்லியனுக்குக் கீழே இருந்தவர்கள்: பினாங்கில் கேட்டவை

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுதுவது என் தொழில் என்பதால், வங்கிகளைப் பற்றியும் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவைப் பற்றியும் மக்கள் மனம்விட்டுப் பேசுவதைக் கேட்கும் வாய்ப்பு எனக்கு நிறையவே கிடைத்திருக்கிறது. விவரம் தெரியாதவர்கள்தாம் அவற்றை நம்ப மறுக்கிறார்கள் என்று படித்தவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. யாரைக் காப்பாற்ற விரைந்தார்கள், யாரைக் காக்க வைத்தார்கள் என்பதை இவர்கள் ஆண்டு மறவாமல் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பட்டர்வொர்த்தில் வாழும், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் பழைய சேமிப்புப் புத்தகத்தை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். அதில் கடைசி வரி பேனாவால் எழுதப்பட்டது. பக்கத்தில் ரப்பர் முத்திரை பாதி மங்கிக் கிடக்கிறது. 1986இல் 24 கூட்டுறவு வைப்புச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 1.5 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) மாட்டிக்கொண்டது. மகளின் திருமணத்துக்கென்று இவர் சேர்த்த பணமும் அதில் இருந்தது. கொஞ்சம் ரொக்கமாகவும் கொஞ்சம் பங்காகவும் அது திரும்புவதற்குள் திருமணம் கடன் வாங்கி முடிந்துவிட்டது. “தம்பி, ஹாங்காங்குல தொலைச்ச பேங்குக்கு பெட்ரோனாஸ் வந்துச்சி, எங்களுக்கு யாரு வந்தா?” என்று கேட்டார். ஹாங்காங்கின் கேரியன் குழுமத்துக்குக் கடன் கொடுத்து நொடித்த பூமிபுத்ரா வங்கியை 1984இல் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் வாங்கி நிமிர்த்தியதைத்தான் சொன்னார்.

பாத்திரக்கடை வைத்திருந்த இன்னொருவரின் கதை 1998ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டின் நடுவில் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. அதன் பிறகுதான் செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று வெள்ளியின் மதிப்பைக் கட்டினார்கள். வாராக் கடன்களை வாங்குவதற்கு டானாஹர்த்தாவும், வங்கிகளுக்கு முதலீடு கொடுப்பதற்கு டானாமோடாலும் அதே ஆண்டில் அரசுத் தரப்பில் அமைக்கப்பட்டன. டானாஹர்த்தா எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் ஐந்து மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள கடன்கள். இவருடைய கடன் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. கடை ஏலத்துக்குப் போனது.

நியாயமாகச் சொன்னால், டானாஹர்த்தா அந்தக் கடன்களை முழு விலைக்கு வாங்கவில்லை. பெரும் தள்ளுபடியில் வாங்கியதால் இழப்பில் ஒரு பங்கை வங்கிகளும் சுமந்தன. வங்கிகள் சரிந்திருந்தால் பொதுமக்களின் வைப்புத் தொகைக்கும் ஆபத்து வந்திருக்கும். இதை அவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேங்க் பொழச்சதால என் டெபாசிட் பொழச்சது, சரி. கடை?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டானாஹர்த்தாவின் ஆண்டறிக்கையிலும் இருந்திருக்காது.

என்னால் எவ்வளவு முயன்றும் வாதாட முடியாதது அந்நியச் செலாவணி விவகாரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேங்க் நெகாரா நாணயச் சந்தையில் இறங்கித் தோற்றதும், ஆளுநர் ஜாஃபார் ஹுசேன் 1994இல் பதவி விலகியதும் அப்போதே ஊரறிந்தவை. ஆனால் இழப்பு 31.5 பில்லியன் வெள்ளி என்று அரச விசாரணை ஆணையம் சொன்னது 2017இல். இருபது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமாக வந்த கணக்கை நம்பச் சொன்னால் கணக்கெழுதுபவனான எனக்கே கூசுகிறது.

இந்தப் பின்னணியில்தான் கூட்டு, அதாவது பலர் சேர்ந்து பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு, கட்டும் அக்காமார்களைப் பார்க்கிறேன். கூட்டுத் தொழில் நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். “கூட்டு எடுத்தவ ஓடிட்டா அவ அம்மா வீடு எனக்குத் தெரியும். பேங்க் ஓடிட்டா எந்த வீட்டுக்குப் போறது?” என்றார், பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. 2005இல் தொடங்கப்பட்ட வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிடிம், உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு இரண்டரை லட்சம் வெள்ளி வரை பாதுகாப்புத் தருகிறது என்று சொன்னேன். அப்படியானால் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டிருக்கும் பணத்துக்கும் அது உண்டா என்று உடனே கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வாரமே அதை எடுத்து வங்கியில் போட்டுவிட்டார். கூட்டை மட்டும் விடவில்லை.