புதுப்பிப்பு: சன்ரூஃப் முன்கண்ணாடி மாற்றியாச்சு
பனோரமிக் சன்ரூஃபின் திறக்கும் முன்கண்ணாடி நொறுங்கியதற்கு முழு கேசட்டையும் (ட்ராக், மோட்டார், கண்ணாடி எல்லாம் சேர்ந்த சட்டம்) மாற்றணுமா என்று கேட்டிருந்தேன். தேவைப்படவில்லை, ட்ராக் (கண்ணாடி நகரும் தண்டவாளம்) வளையாததால் கண்ணாடி மட்டும் போதுமாக இருந்தது.

இந்த வண்டியில் பக்கத்துக்கு இரண்டு டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூ, அவ்வளவுதான் பிடிமானம். நேரம் தின்றது தூள்தான். டெம்பர்டு கண்ணாடி கல்கண்டாக உதிர்ந்து ட்ராக் கிரீஸில் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே மோட்டாரை ஓட்டினால் கண்ணாடியை இழுக்கும் கேபிள் சிக்கும், அதைத் தாங்கி நகரும் கைடு உடையும். வேக்குவம் போட்டு, பழைய கிரீஸைத் துடைத்து, புதிது தடவிய பிறகே சுவிட்சைத் தொடணும். சன்ரூஃப் மூலைகளிலிருந்து மழைநீரை இறக்கும் வடிகால் குழாயில் கம்ப்ரசர் காற்று அடிக்காதீங்க. இணைப்பு கழன்றால் உள்கூரைத் துணி நனையும். அடைப்பெடுக்க மெல்லிய நைலான் இழை போதும்.

பொருத்தும்போது கண்ணாடியின் முன்விளிம்பு கூரையைவிட 1 மி.மீ. தாழ்வு, பின்விளிம்பு அதே அளவு உயர்வு. மாறினால் காற்று ஊளையிடும். கடைசியில் மூடும் சுவிட்சை அழுத்திப் பிடித்து மோட்டாரை ரீசெட் செய்தாச்சு. மூலைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியதில் நான்கு வடிகால்களும் வண்டிக்கு அடியில் சொட்டுகின்றன.