டீக்கடைக்கு பேப்பர் கப் வாங்கலாமா, கூடாதா?

ஈரோட்டுக்காரன்:
அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்னதாக டீ, டிபன் கடை போடுகிறேன். கப் வியாபாரி, "பிளாஸ்டிக்குக்குத்தான் தடை, பேப்பர் கப் மத்திய அரசு பட்டியலிலேயே கிடையாது" என்று சொல்லி இரண்டு பெட்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறார். வாங்கலாமா? சாம்பார் பார்சலுக்கு நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஊர்சுற்றி:
எல்லாக் கடையிலும் அதுதானே ஓடுது ப்ரோ. வாங்கிப் போடுங்க.

டிபன் கடை அக்கா:
தம்பி, வியாபாரி சொன்னதில் பாதி நிஜம். மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடுத்த பட்டியலில் பேப்பர் கப் இல்லை. ஆனால் நீங்கள் கடை போடுவது ஈரோட்டில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் அதில் உண்டு. கப் தயாரிப்பாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2023 அக்டோபரில் கப்புக்கான தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. பார்க்கத் துணி போல இருக்கும் நான்-ஓவன் (non-woven) பையை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னார்கள். நாளைக்கு ஆபீசர் வந்து சரக்கை அள்ளும்போது அந்த வியாபாரி பக்கத்தில் நிற்க மாட்டார்.

சந்தேகம் இருந்தால் ஒரு கப்பைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு உரித்துப் பாருங்கள். பேப்பர் கூழாகிப் போகும். உள்பக்கத்து ஜவ்வு கிழியாமல் தனியாகக் கையில் வரும். சூடான டீ அதன்மேல்தான் நிற்கிறது.

என் கடையில் கண்ணாடி கிளாஸ்தான். கழுவ ஒரு ஆள் கூடுதல், அதை டீ விலையில் சேர்த்துவிட்டேன். இட்லி, தோசை வாழை இலையில். இலைக்கு வெளியே நியூஸ் பேப்பர் சுற்றாதீர்கள், உணவுப் பாதுகாப்புத் துறை அதையும் பிடிக்கும்.

சாம்பார்தான் தலைவலி. பாத்திரத்தோடு வருபவர்களுக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றுவேன். வெறும் கையோடு வரும் தெருக்காரர்களுக்கு, முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தூக்கு; திருப்பித் தந்தால் பணம் வாபஸ். பஸ் பிடிக்க ஓடுபவர்களிடம் இது நடக்காது. அவர்களுக்குக் கெட்டிச் சட்னியும் பொடியும்தான். முறைப்பார்கள், முறைக்கட்டும்.

மலைக்காரி:
ஈரோட்டில் பரவாயில்லை. எங்கள் நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலே விற்கக் கூடாது. டூரிஸ்ட்டுகளுக்குப் பதில் சொல்லியே தொண்டை காய்கிறது.

ஈரோட்டுக்காரன்:
நன்றி அக்கா. 'மக்கும் கவர்' என்று பச்சை எழுத்துப் போட்டு விற்கிறார்களே, சாம்பாருக்கு அது?

டிபன் கடை அக்கா:
பச்சை எழுத்து யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். தயாரிப்பாளர் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் கவரிலேயே இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். இருந்தாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். நான் வாங்கிப் பார்த்தது சூட்டில் இளகி அடியில் ஒழுகியது. தூக்கு வாங்குவதானால் மூடியில் கடைப் பெயர் வெட்டச் சொல்லுங்கள், பாத்திரக் கடையிலேயே செய்து தருவார்கள்.