மறு: எக்ஸ்டிங்ஷன் – ஒளியழிவா, ஒளிமறிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

விண்மீனின் ஒளி நம்மை வந்தடையும் முன் நடுவிலுள்ள விண்வெளித் தூசியால் குறைவதை வானியலில் எக்ஸ்டிங்ஷன் என்கிறோம். அதற்குத் தமிழில் ‘ஒளியழிவு’ என்று குழுவில் ஒருவர் தந்த பரிந்துரையைப் பார்த்தேன். அதே ஆங்கிலச் சொல் உயிரினங்கள் அற்றுப்போவதைக் குறிக்கும்போது அழிவு சரி. ஒளிக்கு அந்தச் சொல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

போன மாதம் பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு விண்மீன் பிறப்பைப் பற்றிப் பேசினேன். நானும் ‘ஒளி அழிகிறது’ என்றுதான் சொன்னேன். அடுத்த படத்தில் எம் 82 என்ற விண்மீன் மண்டலம் (கேலக்சி) அகச்சிவப்பில் பளீரென்று ஒளிர்வதைக் காட்டியதும் ஒரு சிறுமி கேட்டாள்: “அழிஞ்சது எப்படி அங்கிள் திரும்பி வந்துச்சு?” அவள் கேட்டதுதான் இயற்பியல். இளம் விண்மீன்களின் புறஊதா ஒளியைத் தூசியிலுள்ள சிலிகேட், கரித் துகள்கள் விழுங்குகின்றன. அதே ஆற்றலை அகச்சிவப்பாகத் திருப்பித் தருகின்றன. 2015இல் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி தூசியிலிருந்து தப்பி வந்த ஒளியைப் பார்க்கிறது. 2009 முதல் 2013 வரை இயங்கிய ஐரோப்பிய அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி ஹெர்ஷல், தூசி திருப்பித் தந்ததைப் பார்த்தது. இரண்டையும் கூட்டினால்தான் அருகிலுள்ள மண்டலங்களில் ஆண்டுக்கு எவ்வளவு விண்மீன் பிறக்கிறது என்ற கணக்கு நேராகும். ‘அழிவு’ என்று பெயர் வைத்தால் இந்தக் கணக்கின் பாதி, சொல்லிலேயே தொலைந்துபோகும்.

என் பரிந்துரை ‘ஒளிமறிப்பு’. வழிமறித்தல் நமக்குப் பழகிய சொல். நம்மை நோக்கி வரும் ஒளியைத் துகள் உறிஞ்சினாலும் மறிப்பு, வேறு பக்கம் சிதறடித்தாலும் மறிப்பு.

அப்புறம் அட்டென்யுவேஷன், அதாவது ஒரு மண்டலத்தின் மொத்த ஒளியும் அதிலுள்ள தூசியால் குறைந்து தெரிவது. இதற்கும் அதே சொல் போதும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். போதாது. விடிகாலையில் நந்திமலை ஏறும்போது தூரத்தில் ஒரு டீக்கடை பல்பு மட்டும் பனிமூட்டத்துக்குப் பின்னால் தெரிந்தால், அது மறிப்பு. பல்புக்கும் கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு மூட்டம் என்பதுதான் கேள்வி. ஆனால் ஊர் முழுக்க விளக்குகளும் மூட்டமும் கலந்து கிடந்தால்? சில விளக்குகள் மூட்டத்துக்கு முன்னால், சில உள்ளே. ஒன்றிலிருந்து சிதறிய ஒளி மறுபடி நம் பக்கமே திரும்பும். தொலைவிலுள்ள மண்டலம் ஒன்றை மொத்தமாக அளக்கும்போது இதுதான் நடக்கிறது. தூசியின் அளவோடு, அது எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதும் இதில் சேர்கிறது. இதற்கு ‘ஒளிமங்கல்’ என்கிறேன்.

தூசி நீல ஒளியைக் கூடுதலாக மறிப்பதால் விண்மீன் சிவந்து தெரிவதுதான் ரெட்டனிங். அதற்குச் ‘சிவப்பேறல்’ போதும். ‘செம்பெயர்ச்சி’ வேண்டவே வேண்டாம். அது ரெட்ஷிஃப்டுக்கு, அதாவது விலகிச் செல்லும் மண்டலங்களின் ஒளி அலைநீளம் கூடுவதற்கு, ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

‘மறிப்பு’ தடுப்பணை போல் ஒலிக்கிறது என்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ‘மறைப்பு’ என்று மட்டும் மாற்ற வேண்டாம். அதைக் கிரகணப் பாடத்தில் பயன்படுத்துகிறோம்.