துணியின் நிறத்தை அளக்க ஒரு வெள்ளை விளக்கு போதுமா, பல எல்இடிகள் வேண்டுமா? (நால்வர் பேசும் விவாதம் இது. ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

அலைநீளம்

சிறிய சாயப்பட்டறைகள் தாங்களே அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நிற அளவுப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். ஒளி புகாத பெட்டி, ஒரு கறுப்பு வெள்ளைக் கேமரா, 410 முதல் 700 நானோமீட்டர் வரை பரவிய பத்து எல்இடிகள். எல்லாவற்றையும் சேர்த்து எரிக்கப் போவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம். அதே விளக்கில் எடுத்த வெள்ளை டைலின் படத்தால் வகுத்தால், அந்த அலைநீளத்தில் துணி எத்தனை விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது கிடைத்துவிடும்.

இப்போது பலர் செய்வது ஒரு வெள்ளை எல்இடியும் சாதாரண நிறக் கேமராவும். அதில் மூன்று எண்கள்தாம் வரும். அந்தக் கேமராவின் சிவப்பு, பச்சை, நீல உணர்திறனை எப்படிக் கலந்தாலும், 1931-இல் சிஐஇ என்னும் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த கண்ணின் நிற உணர்வு வளைவுகள் சரியாக வருவதில்லை. ஆகவே நம் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியும் இரண்டு துணிகள் கேமராவுக்கு ஒன்றாகத் தெரியலாம். படம் எடுக்கும்போதே தொலைந்துபோன தகவலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சாயங்களின் எதிரொளிப்பு வளைவு (ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதன் கோடு) மெதுவாக ஏறி இறங்கக்கூடியது, கூர்முனைகள் கிடையாது. அதனால் சரியான இடங்களில் பத்துப் புள்ளிகள் கிடைத்தால் முழு வளைவையும் நெருக்கமாக வரைந்துவிடலாம்.

லேப் டிப்

தம்பி, ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் திருப்பூரில் ஷேட், அதாவது கேட்ட நிறம், தவறுவது எத்தகைய இழப்பு என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத்தான் இங்கே தொழில் நடக்கிறது. ஒரே தொட்டியில் சாயமேற்றிய ஒரு பாத் துணிக்கு மறுசாயம் போட்டால் சாயச் செலவோடு முடிவதில்லை. அந்த உப்புத் தண்ணீரை வடிகட்டவும் ஆவியாக்கவும் ஆகும் செலவும் நம் தலையில்தான் விழும். துணி வாங்கும் பையர் கேட்பது டெல்டா இ, அதாவது இரண்டு நிறங்களின் வேறுபாட்டு அளவு, 1-க்குள். அந்த அளவு நுட்பத்தை உங்கள் பெட்டி தருமா?

என் முதல் ஆட்சேபணை வெப்பம். கோடையில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் ஆய்வகத்தில் சிவப்பு எல்இடியின் வெளிச்சம் குறையும். வெள்ளை டைலால் வகுத்தால் அது சரியாகிவிடும் என்பீர்கள். வெளிச்சத்தின் அளவு சரியாகும், அலைநீளம் சரியாகாது. பத்து டிகிரி சூடு ஏறினால் சிவப்பு எல்இடியின் உச்சி ஏறக்குறைய 1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஆரஞ்சுத் துணியின் வளைவு சுவர்போல் நிமிரும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த விளக்கு நின்றால், அந்த நகர்வே ஷேட் வேறுபாடாகக் காட்டும். செனான் விளக்கும் உள்ளே அலைநீளத்தைப் பிரிக்கும் கிரேட்டிங்கும் கொண்ட ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (எதிரொளிப்பு வளைவை அளக்கும் ஆய்வகக் கருவி) இந்தத் தொல்லை கிடையாது.

மெர்ச்சண்டைசர்

இருவரும் தேவைக்கு மேல் சிக்கலாக்குகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இப்போது ஷேட்டைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கும் எல்இடி லைட் பாக்ஸ்கள் வருகின்றன. பல எல்இடிகளைக் கலந்து டி65 எனப்படும் தரப்படுத்திய பகல் ஒளியை உருவாக்கிவிடுகிறார்கள். 6500 கெல்வின் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதற்குள் துணியை வைத்து நல்ல கேமராவில் ஒரே படம் எடுத்தால் போதாதா? ஐரோப்பாவில் 2023 ஆகஸ்ட் முதல் பாதரசம் உள்ள டி5, டி8 குழல் விளக்குகள் சந்தைக்கு வருவது நின்றுவிட்டது. கடை வெளிச்சத்துக்கு ஈடாக லைட் பாக்ஸில் வைக்கும் டிஎல்84 குழலுக்கே ஆயுள் முடியப்போகிறது. பையரின் கடையிலும் எல்இடிதானே எரிகிறது?

நிறமாலை

மெர்ச்சண்டைசர் ஐயா, கண்ணால் பார்ப்பதற்கான விளக்கு வேறு, அளப்பதற்கான விளக்கு வேறு. இரண்டும் ஒன்றாகப் பேசப்படுவதால்தான் இந்த விவாதம் எங்கும் சுற்றிச் சுற்றி வருகிறது.

6500 கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயலை மட்டுமே சொல்கிறது. அந்த வெளிச்சம் எந்தெந்த அலைநீளங்களால் ஆனது என்பதைச் சொல்வதில்லை. சாதாரண வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் அருகே நீலம் உயர்ந்து நிற்கும், 480 அருகே ஒரு பள்ளம் விழும், பிறகு மஞ்சளில் அகன்ற மேடு, 680-க்கு அப்பால் மிகச் சொற்பம். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகளை மட்டும் கலந்தால் இன்னும் மோசம். நடுவே பெரிய இடைவெளிகள். கண்ணுக்கு எல்லாமே வெள்ளைதான். அந்த வெள்ளையின் கீழ் டர்க்காய்ஸ் துணியை வைத்துப் பாருங்கள், பகலில் பார்த்த ஷேட் இருக்காது. லைட் பாக்ஸ் வாங்குபவர் கேட்க வேண்டியது கெல்வின் எண்ணை அல்ல. பகல் ஒளிப் போலிகளைத் தரம் பிரிக்க சிஐஇ வைத்திருக்கும் மெட்டாமெரிசக் குறியீட்டில் (பகலில் பொருந்தும் நிறங்கள் அந்த விளக்கில் எவ்வளவு பிரிகின்றன என்பதன் அளவு) அது எந்த வகுப்பு என்பதைத்தான். கடை விளக்கைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. 2018-இல் சிஐஇ தன் தொகுப்பில் ஒன்பது எல்இடி ஒளிகளைச் சேர்த்தது. ஆனால் எதிரொளிப்பு வளைவு கையில் இருந்தால் அந்த ஒன்பதையும் கணக்கிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். டி65-இல் எடுத்த ஒரே படத்திலிருந்து அது முடியாது.

அளவுக்கு வந்தால், விளக்கு எந்த ஒளியைப்போல இருக்கிறது என்பது பொருட்டே இல்லை, ஒவ்வோர் அலைநீளமும் தனித்தனியே அளக்கப்படும்வரை. வெள்ளை டைலால் வகுக்கும்போது விளக்கின் வடிவம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வெளிச்சத்தைத் துணியில் பட்ட பிறகு பிரிக்கிறது. 'அலைநீளம்' சொல்லும் பெட்டி துணியில் படுவதற்கு முன்பே பிரிக்கிறது. எல்இடிகளைச் சேர்ப்பதால் வரும் துல்லியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பத்தையும் ஒரே நேரத்தில் எரித்துவிட்டால் அது போய்விடும்.

வெப்பம் பற்றிய ஆட்சேபணையை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அதைச் சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அளவுச் சோதனைக்கான ஆரஞ்சு, சிவப்பு பீங்கான் டைல்கள் சூட்டில் தாமும் நிறம் மாறுபவை. பெட்டியும் டைலும் சேர்ந்து சூடானால் பிழை யாருடையது என்று தெரியாது. சாம்பல் டைல் நிறம் மாறாது, ஆனால் அதன் வளைவு தட்டையாக இருப்பதால் அலைநீள நகர்வையும் காட்டாது. டைலை ஒரே வெப்பத்தில் வைத்து, எல்இடிப் பலகையை மட்டும் சூடாக்கிப் பார்க்க வேண்டும்.

அலைநீளம்

லேப் டிப் அண்ணா, அலைநீள நகர்வுக்கு வழி உண்டு. எல்இடிகளைத் தடித்த அலுமினியத் தகட்டில் பொருத்தி, அந்தத் தகட்டையே 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பிடித்து வைத்துவிடலாம். அறை எவ்வளவு சூடானாலும் தகட்டின் வெப்பம் மாறாது. விளக்குகள் நொடியில் சிறு பகுதிதான் எரியும், ஆகவே தாமாகச் சூடாக நேரமில்லை. எனக்கு இதைவிடக் கடினமாகத் தெரிவது 540-க்கும் 590-க்கும் இடைப்பட்ட பகுதி. அங்கே நல்ல வெளிச்சம் தரும் குறுகிய எல்இடி கிடைப்பது அரிது. பாஸ்பரில் (ஒளியின் நிறத்தை மாற்றும் பூச்சில்) வரும் எல்இடிக்கு முன்னால் ஃபில்டர் வைத்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும்.

நேவிக்கு, அதாவது கருநீலத் துணிக்கு, இந்த முறை மிகவும் உதவும் என்பேன். ரியாக்டிவ் வகைச் சாயமிட்ட சில நேவிகள் 650-க்கு மேல் திடீரென்று ஒளியைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். பகலில் பொருந்திய துணி குண்டு பல்பின் கீழ் செம்மை அடிப்பதற்குக் காரணம் அதுதான். வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் அந்தப் பகுதி மங்கல். 660-இலும் 690-இலும் தனி விளக்குகள் இருந்தால் அது மறைய முடியாது.

லேப் டிப்

நேவியில் வேறொரு கேள்வி இருக்கிறது. அந்தத் துணி திருப்பி அனுப்புவதே இரண்டு, மூன்று விழுக்காடு. பெட்டியின் சுவரிலிருந்தும் லென்ஸிலிருந்தும் சிதறும் ஒளி அரை விழுக்காடு சேர்ந்தாலும் உங்கள் எண் பாழ். வெள்ளை டைலால் மட்டும் வகுத்தால் அது தெரியாது. ஒளியை விழுங்கும் கறுப்புக் குழி ஒன்றையும் ஒவ்வொரு விளக்கிலும் அளந்து கழித்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை வெள்ளைத் துணி. துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஆப்டிகல் பிரைட்னர் புற ஊதாவை வாங்கி 440 நானோமீட்டர் அருகே நீலமாக வெளியிடுகிறது. 410-இல் தொடங்கும் பெட்டிக்கு அது கண்ணிலேயே படாது. புற ஊதா எல்இடி சேர்த்தாலும், கறுப்பு வெள்ளைக் கேமராவால் திரும்பி வந்த ஒளியையும் புதிதாகப் பிறந்த ஒளியையும் பிரிக்க முடியாது. நியான் ஷேட்களும் இப்படித்தான். எங்கள் ஆர்டரில் வெள்ளை கணிசம்.

அலைநீளம்

கேமராவின் முன் 420-க்குக் கீழ் மறைக்கும் ஃபில்டர் வைத்து 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடியை எரித்தால், படத்தில் வருவது புதிதாகப் பிறந்த ஒளி மட்டும்தான். பிரைட்னர் துணியில் திட்டுத்திட்டாக ஏறியிருந்தால் அதையும் படமாகவே பார்க்கலாம். துணி முழுவதற்கும் ஓர் எண் தரும் கருவியால் அது முடியாது.

லேப் டிப்

திட்டுகளைக் காட்டும் என்பதை ஏற்கிறேன். அது தறிப் பக்கத்துக்கும் பயன்படும். ஆனால் பகல் ஒளியில் இருக்கும் புற ஊதாவுக்கு ஈடாக அந்த 365 எல்இடியை எப்படி அளவிடுவீர்கள்? அந்த விகிதம் தெரியாமல் வெண்மை எண் சொல்ல முடியாது. செனான் கருவியில் அதற்கென்று வெண்மை அளவுத் துணி வைத்துச் சரிசெய்கிறோம்.

இப்படிச் செய்வோம். டி65-இல் பொருந்தி குண்டு பல்பில் பிரியும் நேவி ஜோடி ஒன்று, ஆரஞ்சு ஒன்று, அடர் கறுப்பு ஒன்று என்று துண்டுகள் தருகிறேன், எங்கள் கருவியின் வளைவுகளோடு. காலையிலும் உச்சி வெயிலிலும் அளந்து, இரண்டு வளைவுகளையும் இங்கேயே போடுங்கள். டெல்டா இ எண்ணை மட்டும் போட வேண்டாம், வளைவு வேண்டும். வெள்ளைத் துண்டு அனுப்பப் போவதில்லை. புற ஊதா விகிதத்துக்கு நீங்கள் ஒரு வழி சொல்லும்வரை வெள்ளைத் துணி அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது என்பதே என் நிலை.